குழந்தைகளுக்குத் தண்டால் தகுமா? பயிற்சியையும் தண்டனையையும் பிரிக்கும் கோடு

புதுடெல்லி: பள்ளி மாணவர்களின் உடற்தகுதியை அளவிடும் கேலோ இந்தியா மதிப்பீட்டில், 9 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்களுடன் தண்டாலும் வயிற்றுத் தசைப் பயிற்சியும் இடம்பெற்றுள்ளன. மறுபுறம், சிறார்கள் இடைவிடாது தண்டால் எடுக்கும் காணொலிகள் சமூக வலைதளங்களில் பாராட்டுகளைக் குவிக்கின்றன. வளரும் உடல் இத்தகைய பயிற்சியைத் தாங்குமா என்ற ஐயம் பெற்றோரிடையே நீடிக்கிறது.

உயரம் தடைபடுமா?

கடினமான பயிற்சி செய்தால் குழந்தையின் உயரம் தடைபடும் என்பது பரவலான நம்பிக்கை. இதை மருத்துவ ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. தகுதியான மேற்பார்வையில் படிப்படியாக அளிக்கப்படும் வலிமைப் பயிற்சி வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2020-இல் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடு. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் தசை, எலும்புகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை என்றும் உலக சுகாதார அமைப்பு அதே ஆண்டில் பரிந்துரைத்தது.

பருவமடைவதற்கு முன் குழந்தைகள் வலிமை பெறுவது பெரும்பாலும் தசை பருப்பதால் அன்று. தசைகளை இயக்கும் நரம்புகளின் திறன் மேம்படுவதாலேயே ஆகும். ஆகவே, முறைப்படி எடுக்கும் 10 தண்டால் தரும் பயன், இடுப்பு தொய்ந்த நிலையில் எடுக்கும் 50 தண்டாலில் கிடைப்பதில்லை. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இவ்வயதில் மென்மையானவை. கைகளில் உடல் எடையைத் தொடர்ந்து தாங்கும் இளம் ஜிம்னாஸ்டிக் வீரர்களுக்கு மணிக்கட்டில் காயம் ஏற்படுவது இதனால்தான்.

மல்லர் கம்பம் காட்டும் வழி

உடல் எடையையே கருவியாகக் கொண்ட பயிற்சிக்கு இந்தியாவில் நெடிய மரபு உண்டு. மகாராஷ்டிரத்தில் மல்லர்களின் பயிற்சியாக வளர்ந்த மல்லர் கம்பத்தை, மத்தியப் பிரதேசம் 2013-இல் மாநில விளையாட்டாக அறிவித்தது. 2022 ஜூனில் ஹரியானாவில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது சேர்க்கப்பட்டது. சத்தீஸ்கரின் நாராயண்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த அபுஜ்மாட் மல்லர் கம்பக் குழு, 2023-இல் 'இந்தியாஸ் காட் டேலண்ட்' தொலைக்காட்சிப் போட்டியில் வென்று நாட்டின் கவனத்தை ஈர்த்தது.

இக்கலையில் சிறுவர்கள் எடுத்த எடுப்பிலேயே கம்பத்தின் உச்சியில் நிற்பதில்லை. பிடிமானம், ஏறுதல், இறங்குதல் எனத் தொடங்கி, ஒரு நிலை கைவந்த பின்னரே அடுத்த நிலைக்குச் செல்கின்றனர். எவ்வளவு, எப்போது என்பதை அருகில் நிற்கும் பயிற்சியாளர் முடிவு செய்கிறார்.

பயிற்சி தண்டனையாகும்போது

அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் அதே அசைவு ஆபத்தாக மாறுகிறது. ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் 2023 நவம்பரிலும், மகாராஷ்டிரத்தின் வசாயில் 2025 நவம்பரிலும், பள்ளியில் தோப்புக்கரணம் போடச் செய்யப்பட்ட பின் சிறார்கள் உயிரிழந்ததாகப் புகார்கள் எழுந்தன. பழக்கமில்லாத உடலை அளவுக்கு மீறி வருத்தினால் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. ஆனால் தோப்புக்கரணத்தைப் பலர் இன்னமும் 'உடற்பயிற்சி' என்றே கருதுகின்றனர்.

தண்டனையில் குழந்தையின் களைப்புக்கு மதிப்பில்லை. சாதனைக் காணொலிகளிலும் பல வேளைகளில் நிலை அதுவே. நிறுத்தும் உரிமை குழந்தைக்கு இருக்கிறதா, சுமையைத் தீர்மானிப்பவர் பயிற்சி பெற்றவரா என்ற இரு கேள்விகளே பயிற்சியை மற்றவற்றிலிருந்து பிரிக்கின்றன.

உடற்தகுதி மதிப்பெண்களைப் பதிவு செய்வதோடு பள்ளிகளின் கடமை முடிந்துவிடாது. தேர்வு நாளில் தண்டாலை எண்ணும் பள்ளி, ஆண்டு முழுவதும் அதைக் கற்பிக்க உடற்கல்வி ஆசிரியரையும் பாடவேளையையும் ஒதுக்க வேண்டும். கணிதப் பாடத்துக்காக உடற்கல்வி வகுப்பைக் கைவிடும் வழக்கம் தொடரும் வரை, அந்த எண்ணிக்கை குழந்தையின் வலிமையைவிடப் பள்ளியின் அலட்சியத்தையே அதிகம் காட்டும்.