கரிசல் வெயிலில் காருக்கு ஹீட்டரா?

கட்டுரையாளர்: வாகனப் பொறியாளர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பழைய கார்களின் ரேடியேட்டர், ஹீட்டர் வேலைகளைச் செய்துவருபவர்

வெம்பக்கோட்டைப் பக்கம் பழைய காரில் ஹீட்டர் ஒழுகினால் அதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. பானெட்டைத் தூக்குவார்கள். எஞ்சினிலிருந்து உள்ளே போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் உருவி, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து, கிளிப் போட்டு முறுக்கிவிடுவார்கள். பத்து நிமிட வேலை. “சித்திரை வெயில்ல ஹீட்டர வச்சு என்ன செய்யப் போறீக அண்ணாச்சி?” என்று கேள்வி வேறு வரும். அண்ணாச்சியும் சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுப்பார். வழியில் நின்ற வண்டியை வீடு சேர்ப்பதற்கு இது சரி. அதையே நிரந்தர ரிப்பேராக வைத்துக்கொள்வது சரியல்ல.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விருதுநகர் மாவட்டக் கோடையில் 40 டிகிரி வெயில் யாருக்கும் செய்தி அல்ல. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர்களில் பல, ஹீட்டர் இல்லாமலேயே வெளிவந்தன. அந்தக் காரின் பழைய 1,489 சிசி எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கம் ஹீட்டர் குழாய் வரவேண்டிய இடத்தில், கேஸ்கெட் வைத்து ஒரு சின்னத் தகட்டை மூடியிருப்பார்கள். அப்படி வந்த காருக்கு ஹீட்டர் தேடி அலையச் சொல்லவில்லை. ஹீட்டரோடு வந்த காரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். எஞ்சினில் சூடான தண்ணீர் அதன் டியூப்களுக்குள் ஓடுகிறது. சின்ன ஃபேன் ஒன்று அதன் வழியே காற்றை அடித்து உள்ளே அனுப்புகிறது. குளிருக்கு இதமளிப்பது அதன் ஒரு வேலை. எஞ்சினிலிருந்து வெப்பத்தை இறக்குவது இன்னொரு வேலை. வத்தலக்குண்டைத் தாண்டிக் கொடைக்கானல் மலையேறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போனால், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்து ஃபேனை ஓடவிடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் பெரும்பாலும் முள் இறங்கும், ஹெட் கேஸ்கெட் பிழைக்கும். வெயில் ஊர்க்காரனுக்கு ஹீட்டர் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். குற்றாலச் சாரலில் முன்கண்ணாடி உள்பக்கம் பனித்துப்போகும்போது சூடான காற்று இல்லாமல் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டியவர்களுக்கு அதன் அடுத்த பயனும் தெரியும்.

ஒழுகுவதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காருக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். கதவைத் திறந்ததும் லேசான இனிப்பு வாடை. முன்கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் ஒரு படலம். முன்சீட்டுக்காரரின் காலடி விரிப்பைத் தூக்கினால் அடியில் ஈரம். ஏசி உள்ள காரில் இது ஏசித் தண்ணீரோ என்று குழப்பம் வரும். விரலால் தொட்டுப் பாருங்கள். ஏசித் தண்ணீருக்கு நிறமும் இருக்காது, பிசுபிசுப்பும் இருக்காது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அதன் இனிப்புக்கு நாய்கள் நக்கிக் குடித்துச் செத்துப்போவதுண்டு. இந்த ஈரத்தை அப்படியே விட்டால் தரைத்தகடு அரித்துவிடும். ஓடும்போது டியூப் முழுதாகப் பிளந்தால் கொதிதண்ணீர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலில்தான் கொட்டும்.

அடுத்தது கோரை வெளியே எடுப்பது. பழைய ஆங்கிலேய பாணிக் கார்களில் ஹீட்டர் ஒரு தனிப் பெட்டி. பொறுமை இருந்தால் ஒரு காலைப் பொழுதில் எடுத்துவிடலாம். 1995இல் புனேயில் செய்யத் தொடங்கிய டபிள்யூ 124 பென்ஸில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். முப்பது வயதான பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே முறியும். ‘ஹோஸை வளைத்துக் கட்டிவிடலாம்’ என்று மெக்கானிக்குக்குக் கை அரிப்பதற்கு இந்த வேலையின் நீளமும் ஒரு காரணம். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

வெளியே வந்த கோர் செம்பு, பித்தளையாக இருந்தால் கொண்டாடுங்கள். ஒரு குழாயை அடைத்து, இன்னொன்றில் பத்து பவுண்டு அளவுக்கு மட்டும் காற்றைக் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால், ஓட்டை எங்கே என்று குமிழி சொல்லிவிடும். அந்த இடத்தில் கோடு கிழித்துக்கொண்டு, நன்றாகக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் பித்தளை பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். பத்தவைப்பில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தேய்ப்பில் அவசரப்பட்டவர்கள்தான். அழுக்கின் மேல் ஈயம் பிடிக்காது, உருண்டு ஓடும். வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்த பற்று 183 டிகிரியில் இளகத் தொடங்கி, 190 டிகிரிக்குள் தண்ணீராக ஓடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். உலோகத்துக்கு ஆபத்தில்லை, ஆபத்து பக்கத்து இணைப்புகளுக்கு. கோர் முழுவதுமே ஈயத்தால் சேர்த்ததுதான் என்பதால், ஒன்றைச் சூடாக்கும்போது அண்டை வீட்டுக்காரரும் இளகிவிடுவார். அதனால் சுற்றிலும் ஈரத்துணி. பற்று வைத்து முடித்ததும், ஈயம் பிடிப்பதற்காகத் தடவிய ஆசிட்டைக் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் பச்சை பூத்து அதே இடத்தில் ஓட்டை விழும். காரீயப் புகையை மூச்சில் இழுக்காமல் காற்றோட்டமான இடத்தில் செய்வதும், சாப்பிடும் முன் கை கழுவுவதும் பட்டறைகளில் சொல்லித்தர மறந்துபோன பாடங்கள்.

நடு டியூப் ஒன்று ஒழுகினால் கை எட்டாது. கோரின் முனைகளில் உள்ள டேங்கைப் பிரித்து, அந்த டியூபின் இரு முனைகளையும் அடைத்துவிடலாம். பத்தில் ஒன்றுக்கு மேல் அடைக்கவேண்டி வந்தால், பழைய பித்தளை டேங்கை வைத்துக்கொண்டு புதுக் கோர் போடுவதே நல்லது.

நம் ஊரில் ஒரு கட்டுப்பாடு கூடுதலாக உண்டு. பட்டாசு ஆலை வளாகத்தில் நிற்கும் காரில் ப்ளோ லாம்ப்பைக் கொளுத்த யாருக்கும் துணிச்சல் வராது, வரவும் கூடாது. கோரைக் கழற்றி, துணியில் சுற்றி, சிவகாசிக்கோ சாத்தூருக்கோ கொண்டுபோவதுதான் வழி. ஒரு வகையில் இது நல்லதாகப் போயிற்று. காருக்குள் வைத்தே அரைகுறையாகப் பற்று வைக்கும் கெட்ட பழக்கம் இங்கே அதிகம் வளரவில்லை.

கோரைக் கழற்றாமலேயே ஒழுக்கை அடைக்கப் பார்க்கும் மஞ்சள் தூள் விஷயத்துக்கு வருகிறேன். லாரி டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டி ஒழுக்கை நிறுத்துவது பழைய கைவைத்தியம். கடையில் விற்கும் லீக் அடைப்பான் மருந்துகளும் அதன் படித்த தம்பிகளே. ஓட்டையை அடைக்கிற பொருளுக்கு ஓட்டை எது, டியூப் எது என்று தெரியாது. ஹீட்டர் கோரின் டியூப்கள்தான் மிகக் குறுகலானவை; முதலில் அடைபடுவதும் அவைதான்.

உண்மையில் கோரைத் தின்பது நம் தண்ணீர். வைப்பாற்றின் குறுக்கே உள்ள வெம்பக்கோட்டை அணை சிவகாசிக்குக் குடிநீர் தருகிறது. காருக்கோ பக்கத்து போர்க் குழாயில் பிடித்த உப்புத் தண்ணீர். அதைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைதான் டியூபுக்குள்ளும் படிகிறது. வடிநீரும் நல்ல கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் அரிப்பும் குறையும், கொதிநிலையும் ஏறும். இன்னொரு எதிரி, எர்த் வயர். எஞ்சினுக்கும் பாடிக்கும் எர்த் சரியாக இல்லாவிட்டால் மின்சாரம் தண்ணீர் வழியே பாதை தேடும். மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை, எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து கூலன்ட்டில் மட்டும் படும்படி முக்குங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் இன்று வைத்த பற்றும் நிலைக்காது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கமும் ஹோஸை வளைத்துக் கட்டும் பழக்கமும் ஒரே புத்தியிலிருந்து வந்தவை: கார் செய்தவனுக்கு நம் வெயில் தெரியாது என்ற நினைப்பு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடேற நேரம் எடுக்கும். அதுவரை பெட்ரோலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

பழைய காருக்கு இப்போது மதிப்பும் வந்திருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 ஆண்டைத் தாண்டி, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டியை ‘வின்டேஜ்’ என்று ‘விஏ’ எழுத்தோடு பதிவுசெய்யலாம். வளைத்துக் கட்டிய ஹோஸால் பதிவு மறுக்கப்படும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விலை பேச வருகிறவர் முதலில் தூக்கிப் பார்ப்பது பானெட்டைத்தான்.

இன்றைய கார்களில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும். ஒழுகினால் மாற்றுவதுதான், பற்று வைக்க இடமில்லை. அதனால் ரேடியேட்டர் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. பயிற்சி முடித்து வரும் பையன்களில் ஈயப் பற்று வைக்கத் தெரிந்தவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது. மாவட்டத்தின் அரசு ஐ.டி.ஐ.கள், மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் பிரிவு மாணவர்களை ஒரு வாரமாவது நல்ல ரேடியேட்டர் பட்டறையில் உட்காரவைக்க வேண்டும். வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தீபாவளி முடிந்து ஆலைகள் ஓய்வெடுக்கும் நாட்களில்தான் நம் ஊரில் ஷெட்டைத் திறக்க நேரம் கிடைக்கும். ஹோஸ் வளைத்துக் கட்டிய கார் வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டு அந்த நாட்களில் கோரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுங்கள். ஒழுகுகிறது என்பதற்காகப் பித்தளையை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.