சாலைக் கடைத்தெருவும் ஒரு வைணவரின் இயேசுவும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால், காதில் முதலில் விழுவது மலையாளமா, தமிழா என்று சொல்வது கஷ்டம். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் வளர்த்த சந்தை இது. வெல்லம், மிளகாய் வற்றல், பூ, பாத்திரம் என்று விற்கும் கடைக்காரர்களில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலியோ நாகர்கோவிலோதான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் சுவரில் இருக்கும் படங்களுக்கு ஊதுவத்தி காட்டிவிட்டுத்தான் போணி. பத்மநாப சுவாமி, பிள்ளையார், லட்சுமி வரிசையில் வெட்டுகாடு கிறிஸ்துராஜாவும் இருப்பதுண்டு. அந்தக் கடற்கரைக் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் எல்லா மதத்துக்காரர்களும் போகிறார்கள். நிலுவை வசூலாக வேண்டும், மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும். அதற்கு இத்தனை மெழுகுவர்த்தி.

இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. கொடுக்கல் வாங்கல் வியாபாரிக்குப் பழகிய மொழி. கடவுளிடமும் அதையே பேசுகிறார். ஆனால் கேட்டது கிடைக்காத அன்றைக்கு அந்தப் பழக்கத்தில் என்ன மிஞ்சும்? ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் பரம்பரைக் கிறிஸ்தவருக்கும் இதே கேள்விதான். அவர் தருவது மெழுகுவர்த்திக்குப் பதில் தசமபாகமும் ஒழுங்கான வருகையும், அவ்வளவே.

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக வைத்த ஒருவர் இதே ஊரில் தமிழ் கற்பித்திருக்கிறார். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1880-களின் பிற்பகுதியில், அறுபதை ஒட்டிய வயதில், இங்குள்ள மகாராஜா கல்லூரியில் (இப்போது யுனிவர்சிட்டி காலேஜ்) வேலை பார்த்தார். மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்ததும் அதே கல்லூரியில்தான். ஒருவர் சைவர், மற்றவர் வைணவராகப் பிறந்த கிறிஸ்தவர்.

கிருஷ்ணபிள்ளை 1827-ல் நெல்லைக்கு அருகே கரையிருப்பில், கம்பராமாயணம் வீட்டுப் பேச்சாகப் புழங்கிய வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குக் கிறிஸ்தவத்தின் மீது நல்லெண்ணம் கிடையாது. வேலைக்காக மதம் மாறினார் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாமல் செய்வது இந்த விவரம்தான். நாமம் போட்ட நிலையிலேயே மிஷன் அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவரை அரித்தது வேறு: செய்த பாவத்துக்கு என்ன பரிகாரம், மன்னிப்பு கிடைத்தது என்று மனிதனுக்கு எப்படித் தெரியும்? நண்பர் தனக்கோடி ராஜு அதற்குள் கிறிஸ்தவராகியிருந்தார். அவரோடு பேசினார், பைபிளைப் படித்தார், பனியன் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைப் படித்தார். ஊரையும் உறவையும் எண்ணித் தயங்கினார். கடைசியில் 1858-ல், சொந்த ஊரிலிருந்து வெகு தொலைவில், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவி பிறகுதான் அந்த வழிக்கு வந்தார்.

இதுவரை பல மதமாற்றக் கதைகளில் ஒன்று. கிருஷ்ணபிள்ளையைத் தனியாக நிறுத்துவது இதற்குப் பிறகு நடந்தது. வீடு எதிர்பார்த்த வைணவராக அவர் இருக்கவில்லை. ஐரோப்பிய அச்சில் வார்த்த கிறிஸ்தவராகவும் ஆகவில்லை. பனியனின் கதையை எடுத்துக் கம்பனின் விருத்தத்தில் 3,700-க்கும் அதிகமான பாடல்களாக்கினார். 1894-ல் அச்சேறிய 'இரட்சணிய யாத்திரிகம்' அது. 'இரட்சணிய மனோகரம்' பாடல்களில் ஆழ்வார்கள் பெருமாளிடம் உருகிய உருக்கம் இயேசுவிடம் திரும்புகிறது. அங்கே இயேசுவை விளக்க அவர் மெனக்கெடுவதில்லை. நேரே கூப்பிட்டுப் பேசுகிறார், அழுகிறார், உரிமையோடு கெஞ்சுகிறார். ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர்களால் அவர் அழும் மொழியை மாற்ற முடியவில்லை. நல்லவேளை.

எல்லாப் பழசும் இப்படி இனிப்பாக வந்து சேர்வதில்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அதிகாரிகளில் ஒருவரான நீலகண்ட பிள்ளை, மாடும் பயிரும் அழிந்து மனமுடைந்திருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் போன பிறகும் கடவுளை விடாதவனின் கதை. பேரத்துக்கு நேர் எதிர். 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்ற அவர், 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் வாடிகன் அவரைப் புனிதராக்கியபோது 'பிள்ளை' பெயரில் இல்லை. ஆனால் அதே வடக்கன்குளத்தில் 1870-களில் எழுந்த கோயிலில் வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பகுதி, நடுவே தடுப்பு. அதை உடைக்க 1910 ஆயிற்று. கம்பனும் ஆழ்வாரும் கூடவே வரலாம், சாதி வரக்கூடாது என்று யார் பிரித்துக் கொடுப்பது?

ஞானஸ்நானம் என்ற வாசலையே தாண்டாதவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் லுத்தரன் இறையியல் கல்லூரியான குருகுலத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர், இயேசுவை மட்டும் வழிபட்டுக்கொண்டு எந்தச் சபையிலும் சேராமல் இந்துக் குடும்பங்களில் வாழ்பவர்களைத் தேடி ஆராய்ந்தார். 1991-ல் நூல் வந்தது. இவர்களில் பெண்கள் பலர். வீட்டில் சண்டை வேண்டாம் என்பது ஒரு காரணம். தலித்துகளுக்கு இன்னொன்றும் உண்டு: 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் ஷெட்யூல்டு சாதி அந்தஸ்து போய்விடும். இவர்களை அரைகுறைகள் என்று சில போதகர்கள் ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பதிவேட்டில் பெயர் இருப்பவர் எல்லாரும் அவரோடு பேசிப் பழகியவர்களா என்ன? அதே சமயம், கிருஷ்ணபிள்ளை கொடுத்த விலையைக் கொடுக்காமல் ஒதுங்கி நிற்பதை வீரம் என்றும் சொல்ல மாட்டேன்.

ராத்திரி சாலையில் கடைகள் அடைக்கும்போது கணக்கு நோட்டை மூடிவிட்டுப் படங்களை இன்னொரு முறை கும்பிடுவார்கள். வியாபாரம் படுத்த நாளிலும்தான். அந்த நேரத்தில் என்ன கேட்கிறார்கள், அல்லது ஒன்றும் கேட்கவில்லையா என்பது அவர்களுக்கும் படத்தில் இருப்பவருக்கும் மட்டுமே தெரியும்.