ஓட்டுநர் உரிமத்தைக் கார் கம்பெனியே கொடுத்தால்

ஒரு ஏற்பாட்டைக் கற்பனை செய்து பாருங்கள். வண்டி ஓட்டும் உரிமத்தை இனிமேல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் தராது, காரைச் செய்து விற்கும் கம்பெனியே தரும். பாடப்புத்தகத்தை அந்தக் கம்பெனியே எழுதி விற்கும், பரீட்சையையும் அதுவே வைக்கும், கட்டணத்தையும் அதுவே வாங்கிக்கொள்ளும். பரீட்சையில் சாலை விதிகளைப் பற்றிய கேள்வி குறைவு. இந்த மாடலில் ஏ.சி. பொத்தான் எங்கே இருக்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு எந்த மாடலைச் சிபாரிசு செய்வீர்கள் என்ற கேள்விகள் அதிகம். புது மாடல் வந்ததும் பழைய உரிமம் செல்லாது. மறுபடி பணம் கட்டு, மறுபடி எழுது. டாக்ஸி கம்பெனிகள் இப்படி உரிமம் வாங்கிய டிரைவர்களை எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ, அதைப் பொறுத்து அவர்களுக்குச் சலுகை.

கேட்டால் சிரிப்பு வருகிறது, இல்லையா? கார்ப்பரேட் ஐ.டி. துறையில் முப்பது வருடங்களுக்கு மேலாக நடப்பது இதேதான். அங்கே யாரும் சிரிப்பதில்லை.

நான் சென்னையை ஒட்டிய ஒரு தொழிற்பேட்டையில், உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் சர்வர்களையும் நெட்வொர்க்கையும் இருபத்திரண்டு வருடங்களாகப் பார்த்துக்கொண்டு வருபவன். "ஐ.டி.யில இருக்காரு" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது மனதில் வரும் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஒன்றாம் தேதி சம்பளம் போக வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது கார்டைக் காட்டினால் கேட் திறக்க வேண்டும், லாரி கிளம்பும் நேரத்தில் இன்வாய்ஸ் அச்சாக வேண்டும். இதில் எது நின்றாலும் என் போன் அடிக்கும். அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்: வெண்டர் தரும் சான்றிதழ்களை எண்ணி ஆள் எடுப்பதும், எண்ணிச் சம்பளம் உயர்த்துவதும், ஒரு கம்பெனி தன் வீட்டுச் சாவிக்கொத்தை வியாபாரியிடம் கொடுத்துவைக்கிற வேலை.

இது நேற்று முளைத்த வியாதி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆபீஸ் நெட்வொர்க் என்றாலே பெரும்பாலும் நாவெல் கம்பெனியின் நெட்வேர்தான். அதற்கான சி.என்.ஈ. சான்றிதழ் கையில் இருந்தால் மதிப்பே தனி. கொஞ்ச நாளில் 'பேப்பர் சி.என்.ஈ.' என்ற கேலிப்பெயர் வந்தது. அதாவது தாளில் என்ஜினியர். சர்வர் அறைக்குள் விட்டால் திருதிருவென்று முழிப்பவர். பிறகு மைக்ரோசாஃப்டின் எம்.சி.எஸ்.ஈ. வந்தது, கேலியும் பெயரை மாற்றிக்கொண்டு கூடவே வந்தது. நெட்வேர் இன்று எங்கே? அதன் ஐ.பி.எக்ஸ். எங்கே? இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் 1981-இல் வரையறுக்கப்பட்ட டி.சி.பி.யை அன்று ஒழுங்காய்ப் படித்தவன் இன்றும் அதைவைத்துச் சோறு சாப்பிடுகிறான். அவனுக்கு அதை யாரும் 'காலாவதி' என்று சொல்லவில்லை.

காலாவதி என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். விண்டோஸ் என்.டி. 4.0-க்கு எம்.சி.எஸ்.ஈ. வாங்கியவர்களிடம், 2001 முடிவதற்குள் விண்டோஸ் 2000 தேர்வுகளை எழுதாவிட்டால் உங்கள் பட்டம் போய்விடும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அவர்கள் வேலை செய்த கம்பெனிகளில் பாதிக்கு மேல் என்.டி.யை விட்டு நகரவே இல்லை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள், அதைப் பற்றிக் கவலை கிடையாது. கூச்சல் எழுந்த பிறகு 2001 அக்டோபரில் பின்வாங்கினார்கள். அப்புறம் எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.ஈ. எல்லாவற்றுக்குமே 2020 ஜூன் 30 கடைசி நாள் என்றார்கள். கோவிட் வந்ததால் அது 2021 ஜனவரி 31 ஆனது. இப்போது அஷ்யூர் சார்ந்த பெரும்பாலான சான்றிதழ்களுக்கு ஆயுள் ஒரு வருடம். நியாயமாகச் சொன்னால், புதுப்பிக்கும் தேர்வுக்குக் காசு இல்லை. ஆனால் வருடா வருடம் மாறுவது கணினி இயலா? பட்டியலில் இருக்கிற சரக்குதான் மாறுகிறது. கடைக்காரன் ஷெல்ஃபை மாற்றி அடுக்குவதை நாம் 'அறிவைப் புதுப்பித்தல்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சந்தையை ஓட்டுகிற சக்கரம் வேறு இடத்தில் சுழல்கிறது. பெரிய வெண்டர் ஒவ்வொருவருக்கும் 'பார்ட்னர்' திட்டம் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2022 வரை தங்கம், வெள்ளி என்று நகைக்கடை மாதிரி தரம் பிரித்து வைத்திருந்தது. இன்று பெயர்கள் வேறு. அந்தத் தரம் கிடைக்க நிபந்தனைகளில் ஒன்று, சான்றிதழ் பெற்ற ஆட்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது. சிஸ்கோவிடமும் அமேசானிடமும் இதே கதைதான். ஆகவே சர்வீஸ் கம்பெனிகளில் காலாண்டு முடிகிற சமயத்தில் ஒரு மெயில் வரும்: இந்த மாதத்துக்குள் இத்தனை பேர் முடித்தாக வேண்டும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 'டம்ப்' தேடுவார்கள். திருடிய கேள்வித்தாளுக்கு இந்தத் துறை வைத்திருக்கும் செல்லப்பெயர் அது. ராத்திரி உட்கார்ந்து முன்னூறு கேள்விக்கு ஏ, பி, சி, டி மனப்பாடம். பத்தாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள், அவ்வளவுதான்.

செலவு யாருடையது? அமேசானின் அசோசியேட் தேர்வு 150 டாலர், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். வருடத்துக்கு மூன்றரை லட்சம் என்று சேரும் பையனுக்கு அது பாதி மாதச் சம்பளம். பாஸானால் பணம் திருப்பித் தருவோம் என்கிற கம்பெனிகள் உண்டு. ஃபெயிலானால்? அந்த நஷ்டம் மேல்மருவத்தூரிலோ மணப்பாறையிலோ இருக்கும் ஒரு வீட்டின் கணக்கில் விழும். பார்ட்னர் தரத்தால் வரும் லாபம் மட்டும் கம்பெனியின் கணக்கில்.

போன வருடம் ஓர் இண்டர்வியூ. பையன் மூன்று க்ளவுட் சான்றிதழ் வைத்திருந்தான். "முதல் மாடியில எல்லாருக்கும் ஈ.ஆர்.பி. வேலை செய்யுது, இரண்டாவது மாடியில மட்டும் வரல. முதல்ல எதைப் பார்ப்பே தம்பி?" என்று கேட்டேன். "வெண்டர்கிட்ட டிக்கெட் ரெய்ஸ் பண்ணுவேன் சார்" என்றான். எந்த வெண்டர்? அந்த மாடியின் ஸ்விட்ச்சுக்கு ஹவுஸ்கீப்பிங்காரர் வேக்வம் க்ளீனர் செருகக் கரண்ட்டைப் பிடுங்கியிருக்கலாம் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனை அப்படிச் செதுக்கியவர்கள் மேல்தான்.

சரி, ஆள் கொஞ்சம் மந்தம், போகப் போகக் கற்றுக்கொள்வான் என்று விட்டுவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சான்றிதழ் வாங்கியவர் உங்கள் கம்பெனிக்குள்ளேயே அந்த வெண்டரின் சம்பளமில்லாத விற்பனைப் பிரதிநிதி ஆகிவிடுகிறார். தெரிந்தே செய்கிறார் என்று சொல்லவில்லை. எட்டு வருடம் உழைத்து ஒரே ஒரு சரக்கில் தேர்ச்சி பெற்றவர், அந்தச் சரக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? தன் பயோடேட்டாவுக்குத் தானே தீ வைப்பாரா?

இதன் விலை என்ன என்று 2023 நவம்பர் 22-க்குப் பிறகு உலகமே பார்த்தது. அன்று பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருபது சர்வர்களை ஓட்ட உதவும் மென்பொருள் விஎம்வேர். பெரிய கம்பெனிகளின் டேட்டா சென்டர்களில் அஸ்திவாரம் மாதிரி. அடுத்த மாதமே நிரந்தர லைசன்ஸ் விற்பனையை நிறுத்தினார்கள். இனி எல்லாம் சந்தா. தனித்தனியாய்க் கிடைத்தவை மூட்டையாகக் கட்டப்பட்டன. பழைய பார்ட்னர் திட்டம் மூடப்பட்டது; அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் புதியது. தங்க முலாம் பூசிய அட்டையைச் சுவரில் மாட்டிவைத்திருந்த எத்தனையோ சின்ன விற்பனையாளர்கள் ஒரே கடிதத்தில் வெளியே நின்றார்கள். ஏடி அண்ட் டி மாதிரி ஒரு பூதமே 2024-இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. பிறகு சமரசம் ஆனது. நீங்களும் நானும் எங்கே போய் வழக்குப் போடுவது?

விஎம்வேரின் வி.சி.பி. பட்டத்துக்குப் பரீட்சை மட்டும் போதாது, கம்பெனி அங்கீகரித்த வகுப்பில் காசு கட்டி உட்கார்ந்தும் ஆக வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. அப்படி உட்கார்ந்து வந்தவர்கள் நிறைந்த டீம்கள்தான், மாற்று வழியாகக் கே.வி.எம்.மையோ ப்ராக்ஸ்மாக்ஸையோ நான்கு சர்வரில் போட்டுப் பார்ப்போம் என்றால் முகம் சுளிக்கின்றன. ஒரு கூட்டத்தில் என் காதால் கேட்டது: "சார், நாங்க எல்லாரும் இதுலதான் சர்டிஃபைட். புதுசு போட்டா யார் பொறுப்பு?" பொறுப்பு! விலையை மூன்று மடங்கு ஏற்றுகிறவனிடம் யாரும் கேட்காத கேள்வி.

லைசன்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. டியாஜியோ என்ற மது கம்பெனி எஸ்.ஏ.பி. வைத்திருந்தது. அதன் வாடிக்கையாளர்களும் விற்பனை ஆட்களும் வேறொரு தளத்தில் இருந்த ஆப்கள் வழியாக எஸ்.ஏ.பி.யில் இருந்த தகவலைத் தொட்டார்கள். அதற்கும் லைசன்ஸ் வேண்டும் என்று எஸ்.ஏ.பி. கேட்ட தொகை 5 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல். 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் டியாஜியோ பணம் கட்டக் கடமைப்பட்டது என்றே தீர்ப்பளித்தது. ஆரக்கிள் 2023 ஜனவரியில் ஜாவா சந்தாவை ஆள் கணக்குக்கு மாற்றியது. ஜாவா தொடுகிறவர்கள் கணக்கில்லை, கம்பெனியில் இருக்கும் எல்லாரும்! வாட்ச்மேனும் கேண்டீன் மாஸ்டரும் ஆரக்கிள் கணக்கில் ஜாவா உபயோகிப்பாளர்கள். ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்து, எங்கே சிக்குவோம் என்று முன்கூட்டியே சொல்லும் ஆள்தான் ஐ.டி. நிர்வாகத்தில் தங்கம். எந்த வெண்டர் அதற்குப் பரீட்சை வைப்பான்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை ஒன்பதரை தாண்டியபோது கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பழுதான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யும் வழி மிக எளிது: மெஷின் முன்னால் போய் நில், சேஃப் மோடில் திற, அந்தக் கோப்பை அழி. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால் அதன் ரெக்கவரி கீ வேண்டும். அந்தக் கீ எங்கே இருக்கிறது? அதைச் சேமித்து வைத்த சர்வரும் நீலத்திரையில் நின்றால்? அன்று கீ பட்டியலைத் தனியாக வைத்திருந்தவர்கள், எந்த மெஷின் எந்த மேஜைக்குக் கீழே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். வெண்டர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் மற்றவர்கள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். பெரிய காலேஜ் பெயர் இல்லாத, இங்கிலீஷ் தடுமாறுகிற ஒரு பிள்ளைக்கு எச்.ஆர். கதவைத் திறக்க இந்தத் தாள்தானே உதவுகிறது? உண்மை, மறுக்கவில்லை. ரெட் ஹாட்டின் ஆர்.எச்.சி.ஈ. மாதிரி, ஆரம்பத்திலிருந்தே ஒரு மெஷினைக் கொடுத்து 'செய்து காட்டு' என்று சொல்லும் தேர்வுகளும் உண்டு. 1993-இல் தொடங்கிய சிஸ்கோவின் சி.சி.ஐ.ஈ. லேபில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவரிடம் நான் மரியாதையாகவே பேசுவேன். ஆனால் இவையும் அந்தந்த வெண்டரின் பொருளைத் தாண்டுவதில்லை. அந்தப் பிள்ளைக்குக் கதவு திறக்க வேறு வழியே கிடையாதா? பிளஸ் டூ முடித்தவர்களையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தந்து வேலைக்கும் எடுக்கிற ஸோஹோவின் பள்ளிகள் இதே தமிழ்நாட்டில் ஏறக்குறைய இருபது வருடங்களாக ஓடுகின்றன. (ஸோஹோவும் ஒரு வெண்டர்தான், அவர்களும் சரக்கு விற்கிறவர்கள்தான்; பூ போட்டுக் கும்பிட வேண்டாம்.) கதவைத் திறக்க வேண்டியவர் எச்.ஆர். அவர் சோம்பேறித்தனத்துக்கு ஒரு பையன் பன்னிரண்டாயிரம் ரூபாய் அபராதம் கட்டுகிறான்.

எங்கள் டீமில் விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் இருக்கிறான், பாலிடெக்னிக் டிப்ளமோ. ஒரு சான்றிதழும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, பேக்கப்பிலிருந்து சம்பள சர்வரை வேறொரு மெஷினில் எழுப்பிக் காட்டுவது அவன் பொறுப்பு. பேக்கப் ரிப்போர்ட் தினமும் பச்சையாகத்தான் வந்துகொண்டிருந்தது. எழுப்பிப் பார்த்தபோதுதான் டேட்டாபேஸின் ஒரு பகுதி ஐந்து வாரங்களாகச் சேரவே இல்லை என்று கண்டுபிடித்தான். ஒரு வெண்டர் எங்களுக்கு லைசன்ஸ் ஆடிட் நோட்டீஸ் அனுப்பி, நாற்பத்தெட்டு பேர் கூடுதலாக உபயோகிக்கிறீர்கள் என்று பில் போட்டபோது, அதில் நாற்பத்தொரு பேர் வேலையை விட்டுப் போனவர்கள், மீதி ஏழு பேர் இரண்டு முறை எண்ணப்பட்டவர்கள் என்று அவன் வைத்திருந்த எக்செல் ஷீட்டைக் காட்டித்தான் தப்பித்தோம். அந்த வெண்டரின் கோல்டு பார்ட்னர் சார்பாக வந்த மூன்று பேரும் ஐ.டி. கார்டு பட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தார்கள். ஷீட்டைப் பார்த்துவிட்டு, "இது அஃபிஷியல் டூல் இல்லையே சார்" என்றார்கள்.

இந்த வருட அப்ரைசல் படிவத்தில் 'இந்த ஆண்டு பெற்ற சான்றிதழ்கள்' என்று ஒரு கட்டம், அதற்குப் பதினைந்து மார்க். அவன் பெயருக்கு நேரே, 'நான்கு முறை ரெஸ்டோர் செய்து காட்டினார்' என்று எழுதி அனுப்பினேன். கட்டத்தில் எண் மட்டும்தான் போட முடியும் என்று எச்.ஆரிலிருந்து திரும்பி வந்தது. நான்கு என்று போட்டு அனுப்பியிருக்கிறேன்.