காலந்தாழ்ந்த கியாதி

ஒரு நடிகரின் ஏற்றத்தை அவர் பிரசித்தி பெற்ற நாள் முதற்கொண்டு கணக்கிடுவதே உலக வழக்கமாயினும், ருஷ்யத் திரைக்கலையின் மகத்தான கலைஞர்களுள் ஒருவரான இன்னகெந்தி ஸ்மொக்துனோவ்ஸ்கியின் ஜீவிதத்தை ஊன்றி நோக்குவோர்க்கு, அக்கணக்கு எவ்வளவு குறைபாடுடையது என்பது புலப்படாமற் போகாது.

1925-ல் சைபீரியாவின் தோம்ஸ்க் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, பதினெட்டாம் பிராயத்தில் கூர்ஸ்க் போர்முனையில் நின்று, அதே 1943-ல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, தப்பியோடி, உக்ரேனியக் குடும்பமொன்றின் அடைக்கலத்தால் உயிர்பிழைத்து, மீண்டும் ஆயுதமேந்தி பெர்லின் வரை சென்ற அந்த இளைஞரை, யுத்தம் முடிந்த பின்பும், பகைவரிடம் சிறையிருந்தவர் என்ற சந்தேகம் விடாது தொடர்ந்தது. பெருநகரங்களில் வாழ இயலாத நிலையில், 1946-ல், கைதிகளின் உழைப்பால் எழுந்ததும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ளதுமான நொரீல்ஸ்க் நகரின் நாடக அரங்கிற் சேர்ந்தார். பின்னர் மகச்கலா, ஸ்டாலின்கிராட் என மாகாண மேடைகள் பல ஏறி, 1955-ல் அவர் மாஸ்கோவை அடைந்தபோது வயது முப்பது. எந்த அரங்கமும் அவரை உவந்து ஏற்கவில்லை.

1956-ல் 'படைவீரர்கள்' என்னும் திரைப்படத்தில் ஃபார்பர் என்ற மென்மையான சுபாவமுடைய போர்வீரராக அவர் நடித்ததற்குப் பின், லெனின்கிராட் நாடக இயக்குநர் கியோர்கி தொவ்ஸ்தனோகவ், தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாடகத்தில் இளவரசர் மிஷ்கினாகும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். ஒத்திகைகள் எளிதிற் கைகூடவில்லை. ஆயினும் இயக்குநர் பொறுமை இழக்கவில்லை. 1957-ன் முடிவில் அந்நாடகம் மேடையேறியதும், நேற்றுவரை அறியப்படாதிருந்த மனிதரின் புகழ் நாடெங்கும் பரவலாயிற்று.

அதன்பின் 1964-ல், பாஸ்டர்நாக்கின் மொழிபெயர்ப்பும் ஷொஸ்தகோவிச்சின் இசையும் துணைநிற்க, இயக்குநர் கோஸின்ட்ஸேவ் படைத்த 'ஹாம்லெட்' திரைப்படம் வெளிவந்தது. அதில் ஸ்மொக்துனோவ்ஸ்கி ஆவேசத்தைக் குரலில் வாரி இறைக்காமல், சிந்திக்கும் மனிதனின் சினத்தை உள்ளடக்கிக் காட்டினார். மறு ஆண்டே லெனின் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1966-ல் இயக்குநர் ரியாசனவின் நகைச்சுவைப் படத்தில், பிறர் காரைத் திருடி விற்ற பணத்தை அநாதை இல்லங்களுக்கு அனுப்பும் வெள்ளையுள்ளம் கொண்டவராகவும், 1970-ல் ஒரே ஆண்டில் நாடகப் பாத்திரமான வான்யா மாமா, இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி, 'குற்றமும் தண்டனையும்' காட்டும் விசாரணையதிகாரி போர்ஃபீரி ஆகிய மூவராகவும் அவரால் மாற முடிந்தது.

துன்பமே இக்கலைஞரை உருவாக்கிற்று என்று கூறி அத்துன்பத்துக்குப் பெருமை சேர்க்க நாம் உடன்படோம். அதே துன்பத்தில் பெயரின்றி மடிந்த திறமைகள் எத்தனையோ. அவரைக் காத்தவை, உறைபனி நகரிலும் திரை தூக்கிய ஓர் எளிய அரங்கமும், முதற்பார்வையில் தேறாதவர்பாலும் நம்பிக்கை குன்றாத ஓர் இயக்குநரின் சிரத்தையுமே. புகழ் பெற்ற பின் மாலை சூட்ட எவரும் வருவர். புகழ் வருமுன் இடமளிப்பவரே கலைக்கு உண்மையில் உபகாரம் செய்தவர். நடிகர்களின் ஏற்றத்தைக் கொண்டாடும் சமுதாயம், அவ்வேற்றத்துக்கு ஆதாரமாகிய சிறு அரங்குகளையும் பொறுமை மிக்க ஆசான்களையும் முதலிற் பேணக் கடமைப்பட்டுள்ளது.