ஆள்மேல் ஆளா, ஒரு குறிப்பேடா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையுள்ள வானம் பார்த்த பூமிக்குக் கண்மாய்களே உயிர். ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததற்குத் தண்ணீர் போகும். இந்தக் கண்மாய்களையெல்லாம் பார்த்துவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் கண்மாயில் நிற்பவர் அடுத்ததற்கு ஓர் ஆளை அனுப்புகிறார். அவரும் அங்கே நின்றுகொண்டு இன்னோர் ஆளை அனுப்புகிறார். கடைசி ஆள் திரும்பும்வரை அத்தனை பேரும் காத்து நிற்க வேண்டும். மற்றொரு வழி, ஒரே ஆள் குறிப்பேட்டுடன் செல்வது. பார்த்ததை அடித்துவிட்டு, புதிதாகத் தெரிந்ததை எழுதிக்கொண்டு அவர் நடப்பார்.

கணிப்பொறி மொழிகளிலும் இவ்விரு வழிகள் உண்டு. முன்னது தன்னைத்தானே அழைக்கும் ரிகர்ஷன், பின்னது வேலைப்பட்டியல். ரிகர்ஷன் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் காத்து நிற்கும் ஒவ்வோர் அழைப்பும் நினைவகத்தில் இடம் பிடிக்கிறது. அதனால் பைத்தான் மொழி வழக்கமாக ஆயிரம் அழைப்புகளோடு தடுத்துவிடுகிறது. எல்லையை உயர்த்தலாம், மிகையானால் நிரலே நிலைகுலையும்.

கோப்புறைக்குள் கோப்புறையாகப் புகுந்து பட்டியல் தரும் 'ஓஎஸ் வாக்' என்ற பணி, பைத்தான் நூலகத்தில் நெடுங்காலம் ரிகர்ஷனால் இயங்கியது. ஆழம் மிகுந்தால் பாதியில் பிழை காட்டி நிற்கும். 2023இல் வந்த 3.12ஆம் பதிப்பில் அதை வேலைப்பட்டியலாக மாற்றினார்கள். உட்கோப்புறைகளைத் தலைகீழாக எழுதி, கடைசியிலிருந்து எடுப்பதால் பழைய வரிசையும் மாறவில்லை.

இது சிறு திருத்தமன்று. ஒரே வரியில் அப்பணியை அழைத்த மாணவன், தான் எழுதாத ரிகர்ஷனுக்காகப் பிழை வாங்கி, தன் அறிவையே சந்தேகிக்கிறான். 2009இல் அறிவிக்கப்பட்ட நம் தமிழ் நிரல்மொழி எழிலும் பைத்தான்மேல் கட்டப்பட்டதே. அடித்தளத்தின் குறை மேல்தளத்தையும் தொடும்.

பட்டியல் முறையில் நிரல் நீளும், படிக்கக் கடினம் என்பார்கள். உண்மையே. பத்து லட்சம் எண்களைப் பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்தினால் ஆழம் இருபது படிகளே. அங்கே ரிகர்ஷன் இருக்கட்டும். ஆனால் எவ்வளவு ஆழம் வருமென்று முன்கூட்டித் தெரியாத இடத்தில், நூலகம் எழுதுவோரே அச்சுமையை ஏற்க வேண்டும். அவர்கள் ஒருமுறை படும் சிரமம் பயன்படுத்துவோர் அனைவரின் சிரமத்தையும் நீக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிகர்ஷனில் ஒரு நிரல் எழுதச் சொன்னால், அதையே பட்டியலாலும் எழுதச் சொல்லுங்கள். எத்தனை பேரைக் காத்து நிற்க வைக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரியும்.