'சுற்றவாளி' என்று சொல்ல எவ்வளவு முடியும்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வீதி ஒழுங்கே தேவையில்லை, விரும்பின இடத்தில் மோட்டார் சைக்கிளை விட்டிட்டுப் போவம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலை மறிச்சு வானை விட்டிட்டு ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கிற ஆளுக்குத் தண்டம் எழுதத்தான் வேணும். இரண்டு தரம் எழுதினாலும் எங்களுக்குச் சந்தோசம்தான். நாங்கள் கதைக்க வந்தது பிழையாக எழுதப்படுகிற தண்டத்தைப் பற்றி. அதிலும், 'இது பிழை' என்று சொல்ல எங்கே போறது என்பதைப் பற்றி.

இப்போதுள்ள நடைமுறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாகனத்தைப் பிழையான இடத்தில் தரித்ததாகப் பொலிஸ் சொன்னால் லைசனை வாங்கிக்கொண்டு ஒரு தாளை எழுதித் தருவார்கள். அந்தத் தாள்தான் 14 நாளைக்கு உங்கள் தற்காலிக அனுமதிப்பத்திரம். தபால் கந்தோரில் காசைக் கட்டி, ரிசீற்றைக் கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்தில் காட்டி, லைசனைத் திருப்பி எடுக்க வேணும். 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பாகும். 28 நாளும் தாண்டினால் விசயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

இதை இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். காசு கட்ட வழி இருக்கு. கோட்டுக்குப் போக வழி இருக்கு. இரண்டுக்கும் நடுவில், தண்டம் எழுதாத இன்னொரு அதிகாரி ஐந்து நிமிசம் இருந்து 'என்ன நடந்தது தம்பி' என்று கேட்கிற ஒரு படி இல்லை.

எங்கட வட்டத்தில் ஒருத்தன் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் குடுக்கிற வேலை செய்கிறான். ஒருநாள் மத்தியானம் கடை ஒன்றுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி உள்ளே போய்ப் பார்சலை எடுத்துக்கொண்டு வந்தான். வெளியில் பொலிஸ் நிக்குது. 'போட் இருக்கு, தெரியேல்லையா?' போட் இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ரியூசன் சென்ரரின் பெரிய பதாகையைக் கட்டியிருந்தார்கள். அவன் வந்த பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பத்தின் அடிதான் தெரியும். அவன் அதைப் படம் எடுத்தான், நேரத்தோடு. அடுத்தநாள் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் காட்டினான். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். படத்தைப் பெரிசாக்கியும் பார்த்தார். பிறகு சொன்னார்: 'தம்பி, எழுதினதை நான் மாத்தேலாது. கோட்டில சொல்லுங்கோ.'

ஒருவரும் அவனை ஏசவில்லை, ஒருவரும் லஞ்சம் கேட்கவில்லை. வீதியில் நின்றவருக்குப் போட் இருக்கிறது தெரியும், எழுதினார். நிலையத்தில் இருந்தவருக்கு அதை அழிக்க அதிகாரம் இல்லை, அனுப்பினார். கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் முறைப்பாடு ஒன்றாவது எழுதலாம். இங்கே முறைப்பாடு எழுதவும் ஆள் இல்லை.

சரி, கோட்டுக்குப் போவம் என்று கணக்குப் பார்த்தோம். அந்தத் தண்டம் அவனுடைய ஒருநாள் உழைப்பில் பாதிக்கும் குறைவு. கோட்டில் பெயர் கூப்பிடுவார்கள், குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்பார்கள். (இந்தச் 'சுற்றவாளி' என்ற சொல்லை எங்களில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டம். குற்றமற்றவர் என்று அர்த்தம். இலங்கையில் நீதிமன்றத் தமிழில் மட்டும் உயிரோடு இருக்கிற சொல் போல.) குற்றவாளி என்றால் அன்றைக்கே கட்டிவிட்டு வரலாம். சுற்றவாளி என்றால் விளக்கத்துக்குத் தவணை போடுவார்கள். அந்தத் தவணைக்குச் சாட்சி வராவிட்டால் இன்னொரு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் ஒருநாள் சம்பளம் போகும். சட்டத்தரணி வைத்தால் அந்தக் காசு வேறு. அவன் சிரிச்சுக்கொண்டே கேட்டான், 'மச்சான், சுற்றவாளி எண்டு சொல்ல எவ்வளவு முடியும்?' மூன்றாம் நாள் தபால் கந்தோரில் காசைக் கட்டினான்.

எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தண்டம் சின்னத் தொகையாக இருப்பதால்தான் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. யாரும் எதிர்த்துக் கேட்காததால் எழுதினது எல்லாம் சரி என்று ஆகிவிடுகிறது. எத்தனை தண்டம் எழுதினார்கள், எவ்வளவு காசு சேர்ந்தது என்பதற்குக் கணக்கு வரும். அதில் எத்தனை பிழை என்பதற்குக் கணக்கே வராது, ஏனென்றால் அதைப் பதியக்கூடிய ஒரு இடமே இல்லை.

தண்டத் தாளில் என்ன எழுதியிருக்கு என்பதே சிலருக்குத் தெரிவதில்லை. அவனுடைய தாளில் கையால் எழுதிய பகுதி முழுக்கச் சிங்களம். என்ன குற்றம் என்று கம்பஸில் படிக்கிற ஒரு நண்பனிடம் படம் அனுப்பிக் கேட்கவேண்டி வந்தது. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தத்தில் எழுதியாச்சு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்தான் நிர்வாக மொழி என்று 1988 இல் 16 ஆவது திருத்தமும் சொல்லுது. எங்களில் அநேகமானோர் பிறக்க முதலே வந்த சட்டங்கள் இவை. என்ன குற்றம் என்று வாசிக்கத் தெரியாத ஒரு தாளுக்கு எதிராக என்னவென்று வாதாடுவது? மொழிப் பிரச்சினையைக் கதைத்தால் உடனே அரசியல் கதைக்கிறாங்கள் என்பார்கள். இது அரசியலுக்கு முதல் ஒரு சாதாரண விசயம்: குற்றம் சாட்டுகிறவர் குற்றம் என்ன என்பதை விளங்குகிற மாதிரிச் சொல்லவேணும்.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். 'காசைக் கட்டிப்போட்டு வேலையைப் பார்.' அப்பாமார் இதைச் சொல்லும்போது குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூட. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகின தலைமுறை அது. சீருடை போட்டவரிடம் 'ஏன்?' என்று கேட்கிறது அவையளுக்குச் சின்ன விசயம் இல்லை. அதை நாங்கள் குறைவாகச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் என்றால் இன்னும் ஒரு படி மேலே. ஸ்கூட்டிக்குத் தண்டம் எழுதுப்பட்ட ஒரு தோழி விளக்கம் கேட்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போகப்போறன் என்றாள். தனியப் போகவேண்டாம் என்று அம்மா மறிச்சா, அண்ணன் போய்க் காசைக் கட்டினான். அவள் பக்கத்து நியாயம் கடைசிவரை யாருக்கும் கேட்கவில்லை.

புலம்பெயர்ந்த சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் இன்னொரு கதையும் கேட்டிருப்பீர்கள். லண்டனில் இருக்கிற சித்தப்பாமார் போனில் அரைவாசி நேரம் பார்க்கிங் ரிக்கற்றைத்தான் திட்டுவினம். அங்கேயும் சொர்க்கம் இல்லை. அங்கே கவுன்சில் தண்டத்தை 14 நாளுக்குள் கட்டினால் பாதி விலை. இங்கே 14 நாளுக்குள் கட்டாவிட்டால் இரட்டை விலை. கணக்கு ஒன்றுதான், இரண்டும் 'கேள்வி கேளாமல் கெதியாக் கட்டு' என்றுதான் சொல்லுது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கே முதலில் கவுன்சிலுக்கு எழுதலாம். அவர்கள் மறுத்தால், கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நடுவரிடம் போகலாம். அதற்குக் காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, இருந்த இடத்திலிருந்தே படத்தையும் விளக்கத்தையும் அனுப்பலாம். நடுவர் தண்டத்தை நீக்கச் சொன்னால் கவுன்சில் நீக்கவேணும்.

தனியார் தரிப்பிடத் தண்டம் ஒன்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. செம்ஸ்போர்டில் ஒரு கடைத்தொகுதியில் இரண்டு மணித்தியாலம் இலவசமாகத் தரிக்கலாம். பரி பீவிஸ் என்பவர் 56 நிமிசம் கூட நின்றுவிட்டார். 85 பவுண் தண்டம். 2015 இல் ஏழு நீதிபதிகள் கேட்டு, தண்டம் சரிதான் என்று தீர்த்தார்கள். அவர் தோற்றுப்போனார். ஆனாலும் அந்தத் தீர்ப்பில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. அறிவித்தல் பலகைகள் பெரிதாக, பார்வைக்குப் படுகிற இடத்தில், வாசிக்கக்கூடியதாக இருந்தன என்பதும் அவர் தோற்றதற்கு ஒரு காரணம். பதாகைக்குப் பின்னால் இருக்கிற போட் பற்றி யோசிக்கிற ஆளுக்கு இது முக்கியமான வசனம்.

பொலிஸ் தண்டம் ஒரு பக்கம் என்றால், நகரங்களில் தரிப்பிடக் கட்டணம் இன்னொரு பக்கம். உள்ளூராட்சி சபைகள் வாகனத் தரிப்பிடங்களைக் குத்தகைக்கு விடுகின்றன. குத்தகைக்காரர் சபைக்குக் கட்டின காசை ரிக்கற்றில் திருப்பி உழைக்கவேணும். புத்தகத்தோடு வெயிலில் ஓடித்திரிகிற அண்ணைமாரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவையளுக்கு நாட்சம்பளம். ஆனால் எந்த வீதியில் வாங்கலாம், எந்த வீதியில் வாங்கக்கூடாது, ரிக்கற் எடுக்காவிட்டால் எவ்வளவு கேட்கலாம் என்பதெல்லாம் ஒரு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்தானே. அந்த ஒப்பந்தத்தை எங்களில் யார் பார்த்திருக்கிறம்? நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சுத்துவர இருக்கிற வளவெல்லாம் வாகனப் பாதுகாப்பு நிலையமாக மாறும். அங்கே குடுக்கிற துண்டில் விலையோடு தொடர் இலக்கமும் இருக்கா என்று பார்க்கிற பழக்கம் எங்களுக்கு வரவேணும்.

இதற்கு ஒரு ஆயுதம் கையில் இருக்கு, பாவிக்கிறவர்கள்தான் குறைவு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கேலாது, காரணம் சொல்லத் தேவையில்லை. தருகிறோமா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானிக்கவேணும். இல்லையென்றால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு தண்டத்தை இது அழிக்காது. ஆனால் அந்த வீதியில் போட் போடச் சபை தீர்மானித்ததா, எப்போது, யார் பராமரிக்கிறார்கள் என்ற பதிலை எழுத்தில் தரும். அடுத்தமுறை யாராவது சுற்றவாளி என்று சொல்லும்போது கையில் ஒரு கடதாசியாவது இருக்கும்.

2025 இல் கவ்பே வந்தது. போக்குவரத்துத் தண்டத்தையும் அதற்குள் படிப்படியாகக் கொண்டுவருகிறார்கள். வீதியில் நின்றபடியே போனில் கட்டி, லைசனைக் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம். நல்ல விசயம், சந்தேகமில்லை. தம்புள்ளையில் எழுதின தண்டத்துக்கு லைசன் எடுக்கத் திரும்பத் தம்புள்ளைக்கு ஓடின ஆட்களைக் கேட்டால் தெரியும் அதன் அருமை. ஆனால் பாருங்கோ, காசு கட்டுகிற வழி தாளில் இருந்து போனுக்கு வந்துவிட்டது. எதிர்த்துக் கேட்கிற வழி இன்னும் அதே கோட்டு வாசலில்தான் நிக்குது. இதே போனில் ஒரு படத்தை ஏற்றி 'இதை இன்னொருவர் பார்க்கவேணும்' என்று அனுப்ப ஒரு பொத்தான் வைப்பது அவ்வளவு கஸ்ரமா? அந்த முறைப்பாடு பார்க்கப்படும்வரை 14 நாள் கணக்கு நிற்கவேணும். பார்க்கிறவர் தண்டம் எழுதின நிலையத்தைச் சேராதவராக இருக்கவேணும். பதில் கேட்டவரின் மொழியில் வரவேணும். நாங்கள் கேட்பது இவ்வளவும்தான். புதுக் கட்டடமோ புது அமைச்சோ இதற்குத் தேவையில்லை.

'பொய் முறைப்பாடு குவியும்' என்று ஒரு பதில் வரும். வரட்டும். படம் இல்லாத, நேரம் இல்லாத முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்ய எவ்வளவு நேரம் போகும்? நூறில் தொண்ணூறு பொய்யாக இருந்தாலும் மிச்சம் பத்துப்பேர் இப்போது என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கவேணும்.

நாங்கள் எங்கட நகரத்துச் சபைக்குத் தகவல் கோரி ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். மூன்று கேள்வி: எந்தெந்த வீதிகளில் தரிப்புத் தடை இருக்கு, அறிவித்தல் பலகைகளைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், பலகையை மறைத்துக் கட்டுகிற பதாகைகளுக்கு யார் அனுமதி குடுக்கிறது. கடிதம் கிடைத்ததற்கு ஒப்பம் வாங்கியாச்சு. 14 வேலை நாள் முடிய என்ன வருது என்று இங்கேயே எழுதுறம். ரியூசன் சென்ரரின் பதாகை இதை எழுதும் வரைக்கும் அங்கேயேதான் இருக்கு.