சிறுதேரும் பால் லாரியும்

வயது வந்த ஒருவர், அலுவலகப் பணி முடிந்து வீடு திரும்பியதும் விளக்கடியில் அமர்ந்து, விரல் நீளமே உள்ள ஒரு மாதிரி மகிழுந்துக்குச் சக்கரம் பொருத்துகிறார். காண்போர் என் செய்வர்? நகைப்பர். “பிள்ளை விளையாட்டு இன்னும் விடவில்லை” என்பர். மற்றொருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மோரிஸ் மைனர் ஒன்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, வெள்ளிக்கிழமை விடுமுறை முழுவதையும் அதன் அடியில் படுத்தே கழிக்கிறார். “பழைய இரும்புக்குப் போக வேண்டியதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்” என்று அவரையும் எள்ளி நகையாடுவர்.

அலோர் ஸ்டாரில் மட்டுமன்று, சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் என்று தோட்டங்களை அடுத்த ஊர்களில் எல்லாம் இந்த நகைப்பைக் கேட்கலாம். இது ஆராயாமல் பிறந்த நகைப்பு. எனினும், நகைக்கப்படுவோரிடமும் ஒரு குறை உண்டு. அது அந்த நகைப்பைவிடப் பெரியது. இரண்டையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

முதலில் நகைப்போரைப் பார்ப்போம். சிறிய வண்டியில் மகிழ்வது சிறுமை என்று அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? தமிழ் இலக்கியம் கற்பிக்கவில்லை. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர்கீரனார் ஓர் உவமை கூறுகிறார். தச்சன் இழைத்துக் கொடுத்த சிறு வண்டியில் ஏறிச் செல்லச் சிறுவர்களால் இயலாது. ஆயினும் கையால் இழுத்துச் சென்றே அவர்கள் இன்பம் அடைகிறார்கள் என்பது அதன் பொருள். உருவத்தில் சுருங்கிய வண்டி தரும் இன்பத்தின் இலக்கணம் முழுவதும் அவ்வுவமையில் அடங்கிவிட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகிறார். அவரே பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுச் சிறுவர் செய்த தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகளைக் காட்டுகிறார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றுக்குச் சிறுதேர்ப் பருவம் என்றே பெயர். வகுப்பறையில் இவற்றுக்கெல்லாம் பொருள் கூறித் தேர்வு வினாவும் தயாரிக்கும் ஆசிரியர், மாலையில் பக்கத்து வீட்டுக்காரரின் மேசைமேல் ஒரு சிறுதேரைக் கண்டு சிரிப்பது எவ்வாறு பொருந்தும்?

“அவையெல்லாம் குழந்தைகள், இவர் வளர்ந்தவர் அன்றோ?” எனலாம். உண்மையே. ஆனால் குறுந்தொகையில் வண்டியை இழுத்தவர்தாம் சிறுவர்; செய்தவன் தச்சன். அவன் வளர்ந்தவன், தொழில் அறிந்தவன். 1950களின் தொடக்கத்தில் இலண்டனில் ஜாக் ஓடல் என்னும் பொறிவினைஞர், தம் மகள் தீப்பெட்டிக்குள் அடக்கிப் பள்ளிக்கு எடுத்துச் செல்லும்படி பித்தளையில் ஒரு சாலை உருளைப்பொறி செய்து கொடுத்தார். மேட்ச்பாக்ஸ் என்னும் உலகப் புகழ்பெற்ற பொம்மை வரிசை அதிலிருந்தே பிறந்தது. விளையாடியது குழந்தை, அளந்து செய்தது தேர்ந்த கை.

அந்த அளவு எத்தகையது என்பதை நகைப்போர் எண்ணிப் பார்த்ததில்லை. 1:24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். மோரிஸ் மைனரின் நீளம் ஏறத்தாழ 376 செண்டிமீட்டர். இவ்விகிதத்தில் அது 15.7 செண்டிமீட்டராகச் சுருங்கும். இன்னொரு புகழ்பெற்ற விகிதமான 1:43, மாதிரித் தொடர்வண்டிகளுக்கு ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வகுத்த கணக்கிலிருந்து வந்தது. 1:24 மாதிரியில் கை ஒரு மில்லிமீட்டர் தவறினால், உண்மை வண்டியில் அது 24 மில்லிமீட்டர் பிழையாகும், கதவு மூடாது. விகிதம், பரப்பு, கோணம் என்று கணிதப் பாடத்தில் மாணவர் மனப்பாடம் செய்பவையெல்லாம் இங்கே கைக்கு வந்து சேருகின்றன.

பழைய வண்டி வைத்திருப்பவரின் அறிவும் இத்தகையதே. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம்வரை உற்பத்தியானது. அதன் முன்சக்கரத் தாங்கியில் உள்ள திருகிணைப்புக்கு முறையாகக் கொழுப்பு இடாவிட்டால், திருகு தேய்ந்து, சக்கரம் ஒருபுறம் சாய்ந்து விழும். இதை உரிமையாளர் கற்றே ஆக வேண்டும். தீப்பொறி எங்கே பிறக்கிறது, எரிபொருளும் காற்றும் எவ்வாறு கலக்கின்றன என்பதை மூடியைத் திறந்து கண்ணால் காணலாம். கோவையில் ஜி. டி. நாயுடு பொறியியல் கற்ற பள்ளி எது? ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிள்தான். அதைக் கழற்றி, மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். இன்று கோவையில் அவர் பெயரைத் தாங்கிய மகிழுந்து அரும்பொருளகம் இருக்கிறது. கையால் கற்றவரைக் கற்றவராக மதியாத சமுதாயம், பின்னர் அவருக்கு மாலை சூட்டுவதில் பொருள் என்ன?

“பணம் வீண்” என்பது அடுத்த குற்றச்சாட்டு. இங்கே ஒரு வஞ்சகம் மறைந்திருக்கிறது. செல்வர் வீட்டுப் பழைய வண்டிக்குப் ‘பாரம்பரிய வாகனம்’ என்று பெயர். ஏழை வீட்டுப் பழைய வண்டிக்கு ‘ஓட்டை வண்டி’ என்று பெயர். 2009இல், 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்கள் சாலை வரியைப் புதுப்பிக்க ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்று மலேசியாவில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்பால் அது சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களுள் பழம்பொருள் விரும்பிகள் எத்தனை பேரோ! பழைய வண்டியைத் தவிர வேறு வண்டி வாங்க வழியில்லாதவர்களே அந்த அறிவிப்பைக் கேட்டு அஞ்சியவர்கள். ஆகவே, பழைய வண்டியைப் பழுது பார்த்து ஓட்டும் அறிவு பலருக்குப் பிழைப்பறிவு. அதைச் சிரித்து ஒதுக்குவது ஏழ்மையைச் சிரித்து ஒதுக்குவதாகும்.

இனி, நகைக்கப்படுவோரின் குறையைக் காண்போம். அவர்கள் எவற்றைச் செய்கிறார்கள்? எவற்றைச் சேர்க்கிறார்கள்?

கெடாவின் தென்னெல்லையைக் கடந்தால் சிறிது தொலைவிலேயே பிறை இருக்கிறது. ஹாட் வீல்ஸ் என்னும் அமெரிக்கச் சிறு மகிழுந்துகள் அங்கே வார்க்கப்பட்டு உலகெங்கும் செல்கின்றன. அவற்றின் அடித்தகட்டில் ‘மலேசியா’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கும். அடியில் இந்நாட்டின் பெயர். மேலே கலிபோர்னியாவின் பந்தய வண்டி. அலோர் ஸ்டாரில் அதனை வாங்குபவர் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. பிரித்தால் விலை குறையுமாம்! இது தச்சனின் இன்பமும் அன்று. இழுத்துச் செல்லும் சிறுவனின் இன்பமும் அன்று. கடைக்காரரின் இருப்புக் கணக்கு. தாமே ஒட்டிச் செய்வோரும் ஜப்பானியப் பெட்டிகளில் வரும் இத்தாலியப் பந்தய வண்டிகளையும் ஜெர்மானியப் போர்த் தாங்கிகளையுமே செய்கிறார்கள். அவர்கள் கைத்திறன் சிறந்தது. ஆனால் அந்தத் திறன் யாருடைய நினைவைக் காக்கிறது?

தோட்டத்துத் தமிழர் ஏறிய வண்டிகள் எங்கே? வெட்டுக்காட்டிலிருந்து பால் ஏற்றிச் சென்ற லாரி, பால்வாளிகளைத் தாங்கிய மிதிவண்டி, துரையின் லேண்ட் ரோவர், கிராணியின் மோரிஸ் மைனர், பிரசவ வேதனைப்பட்ட தாயை நள்ளிரவில் நகர மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற வாடகை மெர்சிடிஸ், பிள்ளைகளைப் பள்ளிக்குச் சுமந்த இழுவை வண்டி: இவற்றுள் ஒன்றையேனும் அளந்து, சுருக்கி, ஓர் அலமாரியில் நிறுத்தி வைத்தவர் எத்தனை பேர்? 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து தொழிலாளர் துரத்தப்படுவதைத் தடுக்க, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க முனைந்தார். அச்சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது. தொழிலாளரே உரிமையாளரான ஒரு தோட்டத்தின் பால் லாரி, பந்தய வண்டியைவிட எவ்வகையில் தாழ்ந்தது?

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. “தோட்ட வாழ்வு துன்ப வாழ்வு. மாட்டைப்போல மனிதரை ஏற்றிய லாரியை மறப்பதே நல்லது. அடிமைத்தனத்தின் சின்னத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்ட வேண்டும்?” என்று கேட்போர் உண்டு. அவர்களுள் பலர் அந்த லாரியில் ஏறியவர்களின் பிள்ளைகளே.

அவர்களுக்குச் சிங்கப்பூர் விடை கூறும். புக்கிட் தீமாவில் 1941இல் திறக்கப்பட்ட ஃபோர்டு மகிழுந்துத் தொழிற்சாலையில்தான், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. தோல்வியின் சின்னம் என்று அக்கட்டடத்தை எவரும் தரைமட்டமாக்கிவிடவில்லை. இன்று அது அரும்பொருளகம். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சயாம் மரண ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் லாரிகளிலும் சரக்கு ரயில் பெட்டிகளிலும் ஏற்றிச் செல்லப்பட்டனர். திரும்பாதவர் தொகை பெரிது. மேடையில் இதைச் சொன்னால், “மிகைப்படுத்துகிறார்கள்” என்பவர் உண்டு. மாதிரி மிகைப்படுத்தாது.

12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள ஒரு லாரித் தட்டை எடுத்துக்கொள்வோம். 1:24 விகிதத்தில் அது 6 அங்குலமும் 3 அங்குலமும் ஆகும். ஐந்தரை அடி மனிதர் இரண்டே முக்கால் அங்குலம் உயரம் நிற்பார். அந்தச் சிறு தட்டின்மேல் ஒரு மாணவன் 40 உருவங்களை நிறுத்திப் பார்க்கட்டும். ஒருவருக்கு இரண்டு சதுர அடிகூடக் கிடைக்காது. இருபதாவது உருவத்திலேயே அவன் விரல் தயங்கும். நாற்பதாவது உருவத்துக்கு மற்றவற்றை நெருக்கித் தள்ள வேண்டியிருக்கும். பாட்டன் நின்று வந்த பயணத்தை எந்தச் சொற்பொழிவும் அவ்வளவு துல்லியமாக அவனுக்கு உணர்த்தாது.

தாமதத்தின் விலையைக் கெடா ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று போற்றிய இம்மண்ணில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி 2013இல் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. இடிந்த பின்னரே நாடு அதன் பெயரைக் கேட்டது. நூற்றாண்டுகளைக் கடந்த கல்லுக்கே அந்த நிலை என்றால், துருப்பிடிக்கும் லாரிக்கு யார் துணை? மறுபுறம், அலோர் ஸ்டாரை அடுத்த கெரியாங் மலையடியில் நெல்லுக்கென்றே ஓர் அரும்பொருளகம் எழுந்திருக்கிறது. உழவர் தம் வயலை மதித்தால் உலகமும் வந்து பார்க்கும் என்பதற்கு அது சான்று. மரம் சீவியவர் தம் வாழ்வைத் தாமே மதித்து முதல் பொருளை எடுத்து வைக்காமல், அரசையோ பிறரையோ குறை கூறிப் பயனில்லை.

காலம் நிற்கவில்லை. அலோர் ஸ்டாரில் பிறந்த மகாதீரின் ஆட்சியில், 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும் இன்று பழைய வண்டியாகிவிட்டது. தோட்டத்தைவிட்டு நகரத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே முதல் மகிழுந்து. ‘K’ எழுத்துத் தகட்டோடு வீட்டோரம் நிற்கும் அத்தகைய வண்டியை விற்பதற்குமுன், அதன் படத்தையும் அளவையும் அது சுமந்த குடும்பத்தின் கதையையும் ஓர் ஏட்டில் எழுதி வைக்க எவ்வளவு பொழுது ஆகும்?

தமிழாசிரியர்க்குரிய பணி இங்கே இருக்கிறது. குறுந்தொகை 61ஐக் கற்பிக்கும் வாரத்தில், மாணவரிடம் ஓர் அளவுகோலைக் கொடுக்கலாம். பாட்டனிடமும் பாட்டியிடமும் கேட்டு, அவர்கள் ஏறிய வண்டி ஒன்றின் நீள அகலத்தை எழுதி வரச் சொல்லலாம். அட்டை, பால் டின், இரும்புக் கம்பி, ரப்பர்த் துண்டு ஆகியவை போதும். ஜப்பானியப் பெட்டி வேண்டியதில்லை. மாதிரி கட்டுவதில் தேர்ந்தவர்கள் தம் மேசையை ஒரு மாலைப்பொழுது பள்ளிக்குக் கொடுக்கலாம். பழைய வண்டி வைத்திருப்பவர் அதன் மூடியைத் திறந்து மாணவரைச் சுற்றி நிற்கச் செய்யலாம். பாட்டி “காடி” என்பாள். பாடநூல் ‘மகிழுந்து’ என்னும். இரண்டு சொற்களும் ஒரே வண்டியைச் சுட்டுவதை மாணவன் அன்று உணர்வான்.

சங்கத் தச்சன் அரசனின் தேரைக் கண்டுதான் சிறுதேர் செய்தானோ, தன் ஊர் வண்டியைக் கண்டுதான் செய்தானோ, அறியோம். அவன் செய்ததால்தான் புலவர் கண்டார். புலவர் கண்டதால்தான் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அது உருள்கிறது. கெடாத் தோட்டத்துப் பால் லாரியை இன்று ஒரு மாணவன் செய்யட்டும். அவன் தங்கை அதை இழுத்து விளையாடட்டும். தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் பாட்டி அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “பின்கதவு இந்தப் பக்கம் இல்லை” என்று திருத்துவாள். அந்தத் திருத்தத்தைச் சொல்ல வல்லவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.